499 டன் கணக்கு

நடுக்கடலில் மாலுமியின் குறையைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமா? கப்பல் முதலாளிகள் பல தலைமுறைகளாகத் தட்டிக்கழித்துவரும் கேள்வி இது.

கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலேயிலிருந்து கடல் வெகு தூரம். சென்னைத் துறைமுகத்துக்குச் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் கடலுக்குப் போகும் சரக்கு தினமும் இந்த ஊரைத் தாண்டுகிறது. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் சரக்கேற்றிய கன்டெய்னர் லாரிகள் இங்குள்ள சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நின்று, ஒசூர் பக்கம் இறங்குகின்றன. லாரி ஓட்டுநரின் பிழைப்பு கடினமானதுதான். ஆனால் வழியெங்கும் அவருக்கு டீக்கடை உண்டு. மனசு சரியில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு யாரிடமாவது நாலு வார்த்தை பேசலாம்.

அதே கன்டெய்னர் கப்பலேறிய பிறகு நிலைமை வேறு. பிரம்மாண்டமான சரக்குக் கப்பலை ஓட்டிச் செல்பவர்கள் இருபது, இருபத்தைந்து பேர்தான். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள். மேலதிகாரியோடு மனஸ்தாபம் என்றாலும் மறுநாள் காலை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் அடுத்த துறைமுகம் வரும்வரை இறங்க வழியில்லை. இந்தத் தனிமைக்குப் பழைய கடற்படைகள் கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு: கப்பலிலேயே ஒரு பாதிரியார்.

பிரிட்டிஷ், அமெரிக்கக் கடற்படைகளில் அவர் இன்றும் இருக்கிறார். ஆறேழு மாதம் நீளும் பயணங்களில் ஞாயிறு வழிபாடு நடத்துவது அவர் வேலையில் சிறு பகுதிதான். மீதி நேரம் சுற்றிக்கொண்டே இருப்பார். எஞ்சின் அறை, சமையல் கூடம், இரவுக் காவல் நடக்கும் மேல்தளம் எல்லா இடத்திலும் அவர் தலை தென்படும். அமெரிக்கக் கப்பல் என்றால் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வரும் சாவுச் செய்தியை உரியவரிடம் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் அவருடையதே. கல்யாணம் முறிந்தவன், கடனில் சிக்கியவன், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவன் எல்லோரும் தட்டுகிற கதவு அவருடையது.

அந்தக் கதவைத் தட்டப் பயமில்லாமல் இருக்கச் சில விதிகளும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையில் பாதிரியாருக்குப் பதவி நிலையே கிடையாது. கேப்டனிடம் பேசும்போது கேப்டனுக்குச் சமம், உருளைக்கிழங்கு உரிக்கும் சிப்பந்தியிடம் பேசும்போது அவருக்குச் சமம் என்பது மரபு. அமெரிக்கக் கடற்படையில் அவர் அதிகாரிதான். ஆனால் ஆயுதம் ஏந்த மாட்டார். அந்தரங்கமாகத் தன்னிடம் சொல்லப்பட்டதைக் கேப்டனே கேட்டாலும் வெளியிட மாட்டார்.

இந்தியத் தரைப்படையில் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று சமய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேற்கத்தியக் கடற்படைகளில் உள்ளது போன்ற பாதிரியார் பிரிவு இந்தியக் கடற்படையில் இல்லை. மாலுமிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் நலனுக்கும் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கும் ஏற்பாடு உண்டு. குறைகளை அவர்தான் கேட்பார். அதே அதிகாரிதான் வேலையும் வாங்குவார்.

சம்பளத்தில் நாலு பென்ஸ்

கப்பல் பாதிரியார் என்றதும் தவசி ஒருவரைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் முதலாம் சார்லஸ் மன்னர் காலத்து இங்கிலாந்துக் கடற்படையில் அவருக்கு ஒரு சாதாரண மாலுமியின் ஊதியம்தான். அதோடு கப்பலிலுள்ள ஒவ்வொருவரின் மாதச் சம்பளத்திலிருந்தும் நாலு பென்ஸ் பிடித்து அவருக்குக் கொடுத்தார்கள். தங்கள் குறையைக் கேட்க வந்தவருக்கான செலவில் மாலுமிகளும் பங்கு போட்டார்கள் என்று அர்த்தம்.

இந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள்? ஹென்றி டியாங் என்ற கிராமத்துப் பாதிரியார் 1675இல் கப்பலேறியபோது அவருக்கு வயது 54. கடன்காரர்கள் தொல்லை தாங்காமல்தான் கடலுக்கு வந்தார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு 1825இல் அச்சானது. அதில் பிரசங்கத்தைவிடச் சாப்பாட்டு வர்ணனைதான் தூக்கல். காற்றும் வேலையும் மும்முரமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு நடக்காமல் போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஊர் திரும்பியும் கடன் தீராததால் 1678இல் மறுபடி கப்பலேறினார்.

ஆனால் மரணம் வந்தபோது பாதிரியார் தேவைப்பட்டார். அந்தக் காலத்து நீண்ட பயணங்களில் போரைவிட ஸ்கர்வி நோயும் வயிற்றுப்போக்கும்தான் அதிகம் பேரைக் கொன்றன. சாகக் கிடப்பவனின் உயிலை எழுதுவது, கித்தானில் தைத்த உடலைக் கடலில் இறக்கும்போது ஜெபிப்பது, பிறகு வீட்டுக்குக் கடிதம் எழுதுவது என்று வேலை காத்திருந்தது. இறந்தவனின் சட்டையும் பெட்டியும் பாய்மரத்தடியில் ஏலம் போயின.

உலகம் அறிந்த கடல் மரணங்களில் ஒன்றிலும் ஒரு பாதிரியார் இருக்கிறார். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் குண்டடிபட்ட நெல்சன், ‘விக்டரி’ கப்பலின் கீழ்த்தளத்தில் உயிர் விட்டபோது அருகிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொடுத்தவர் கப்பல் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஸ்காட். பல மொழி அறிந்த அவரை வெளிநாட்டுப் பத்திரிகைகளையும் கடிதங்களையும் படித்துச் சொல்லும் வேலைக்கும் நெல்சன் பயன்படுத்திக்கொண்டார்.

பீட்டர் ஆன பையன்

இந்தியாவுக்கும் கப்பல் பாதிரியாருக்குமான உறவு கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடங்குகிறது. வேலைக்கு வருபவரை லண்டனில் ஒரு பிரசங்கம் செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்த்துத்தான் கம்பெனி தேர்ந்தெடுத்தது. அப்படிச் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கோப்லண்ட், 1612இல் தாமஸ் பெஸ்ட் தலைமையில் ‘டிராகன்’ கப்பலில் புறப்பட்டார். அந்த ஆண்டின் கடைசியில் சூரத் அருகே ஸ்வாலியில் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு நடந்த சண்டையை நேரில் பார்த்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் கால் ஊன்ற உதவிய சண்டை அது.

1614இல் கப்பல் லண்டன் திரும்பியபோது அதில் ஓர் இந்தியச் சிறுவன் இருந்தான். வங்காள விரிகுடாக் கரையில் பிறந்தவன். கோப்லண்ட் அவனுக்கு ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்திருந்தார். பையன் சூட்டிகை என்று கண்ட கம்பெனி அவனைப் பள்ளிக்கு அனுப்பப் பணம் ஒதுக்கியது. பிற்காலத்தில் தன் ஜனங்களை மதம் மாற்ற உதவுவான் என்பது கணக்கு. 1616 டிசம்பர் 22 அன்று லண்டன் தேவாலயம் ஒன்றில் நகரப் பிரமுகர்கள் கூடியிருக்க அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பீட்டர் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் மன்னர் முதலாம் ஜேம்ஸ்.

அடுத்த ஆண்டே ஆசிரியரும் மாணவனும் மறுபடி கப்பலேறினார்கள். ‘ராயல் ஜேம்ஸ்’ என்ற அந்தக் கப்பல் சூரத், ஜாவா, ஜப்பான் என்று சுற்றித் திரும்ப நாலு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜாவாவில் டச்சுக்காரர்களோடு சண்டை வேறு. இதற்கு நடுவில் பீட்டர் லத்தீன் மொழியில் கடிதம் எழுதுமளவுக்குத் தேறினான். அந்தக் கடிதங்கள் 1622இல் கோப்லண்டின் பிரசங்க நூலோடு அச்சில் வந்தன. அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. அவனுடைய அம்மா அப்பா வைத்த பெயரையும் எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதவில்லை.

இந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊர் திரும்பும் வழியில் கோப்லண்ட் கப்பலில் இருந்தவர்களிடம் ஒரு வசூல் செய்தார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட. கனவான்களும் சாதாரண மாலுமிகளுமாகச் சேர்ந்து 70 பவுண்டு 8 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் கூடவே கிடந்து, நோயிலும் சண்டையிலும் உடனிருந்த மனிதர் கேட்டதால் வந்த பணம் அது. 1622இல் வர்ஜீனியாக் குடியேற்றத்தின் மீது நடந்த தாக்குதலில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட, பள்ளிக்கூடம் கனவாகவே போயிற்று.

அதே காலத்தில் வந்த இன்னொரு பாதிரியார் எட்வர்ட் டெர்ரி. 1616இல் ‘சார்லஸ்’ கப்பலில் சூரத் வந்து, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் தூது வந்திருந்த சர் தாமஸ் ரோவிடம் பணியில் சேர்ந்தார். கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், ஏசுகிறார்கள் என்று உள்ளூர் ஜனங்கள் முகத்துக்கு நேரே சொன்னதைப் பின்னாளில் தன் புத்தகத்தில் ஒளிக்காமல் பதிவு செய்தார். கம்பெனி சம்பளம் வாங்கியவர்தான். ஆனாலும் தன் ஆட்களைப் பற்றிய உண்மையை எழுதினார்.

தமிழ்நாட்டுக்குத் தெரிந்த ‘கடல் கடந்து வந்த பாதிரியார்’ சீகன்பால்கு. 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி சேர்ந்தார். அவர் கப்பல் பாதிரியார் அல்ல, ஊர் ஜனங்களிடம் அனுப்பப்பட்டவர். டேனிஷ்காரர்களுக்கென்று பாதிரியார்கள் அங்கே முன்பே இருந்தார்கள். கம்பெனியின் ஆட்களோடு நிற்காமல் தமிழரிடம் போன சீகன்பால்குவைக் கோட்டைத் தலைவர் நாலு மாதம் சிறையில் வைத்தார். பாதிரியார் யாருக்காகப் பேசலாம் என்பதில் கம்பெனிகள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தன என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஒரு டன் குறைத்தால் போதும்

கண்டிப்பு ஒரு பக்கம். சிக்கனம் இன்னொரு பக்கம். 1698இல் வந்த சாசனம் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சில கடமைகளை விதித்தது. ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு பாதிரியார் வேண்டும். அவர் போர்ச்சுகீசிய மொழியை ஓராண்டுக்குள் கற்க வேண்டும். உள்ளூர் மொழியையும் பழக வேண்டும். 500 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பாதிரியார் போக வேண்டும்.

கடைசி விதியைக் கம்பெனி எப்படி எதிர்கொண்டது? மீறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கம்பெனி வாடகைக்கு எடுத்த கப்பல் பலவும் பதிவேட்டில் சொல்லிவைத்தாற்போல 499 டன். உண்மையான கொள்ளளவு அதைவிட அதிகம். பாதிரியார் செலவைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஒரு சம்பளம், ஓர் அறை, கேப்டன் மேஜையில் ஒரு தட்டு. மிச்சம் அவ்வளவுதான். மிளகும் துணியும் தேயிலையும் ஏற்றிய கப்பல்களின் லாபத்தோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆனால் சரக்கு தூக்காத, பாய் இழுக்காத ஒருவருக்குச் செலவழிக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை.

வெள்ளைக்கார மாலுமிக்கே இந்த கதி என்றால் இந்தியருக்குக் கேட்பானேன். கம்பெனிக் கப்பல்களிலும் பின்னாளில் நீராவிக் கப்பல்களிலும் ஆயிரக்கணக்கில் வேலை செய்த லஸ்கர்களுக்கு ஸாரங் என்ற மேஸ்திரிதான் எல்லாம். ஆளெடுப்பவர், வேலை வாங்குபவர், கடன் கொடுப்பவர், பஞ்சாயத்து பண்ணுபவர் அவரே. அவர் மீதே குறை என்றால் சொல்ல ஆள் கிடையாது. லண்டன் தெருக்களில் கைவிடப்பட்ட ஆசிய மாலுமிகளுக்கென்று ஒரு விடுதி திறக்க 1857 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தக் கூலிகளின் கதையும் இதுவே. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கப்பல் அது. கூலிக் கப்பல்களில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. உயிரோடு போய்ச் சேர்ந்தால்தானே வேலைக்கு ஆகும். ஊரையும் உறவையும் விட்டு, கறுப்புத் தண்ணீர் தாண்டுகிறோமே என்ற கலக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல யாரையும் எந்தச் சட்டமும் ஏற்றி அனுப்பவில்லை. ஒரே கப்பலில் போனவர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட உறவுதான் அந்த இடத்தை நிரப்பியது. ‘ஜஹாஜி பாய்’ என்று வடக்கத்தியர் சொன்ன அந்தக் கப்பல் உறவு, இறங்கிய நாட்டில் பல இடங்களில் ரத்த உறவுக்குச் சமமாக மதிக்கப்பட்டது.

தண்ணீரில் மூன்று நாள்

சும்மா இருப்பவர் என்று கணக்கிடப்பட்ட இந்த மனிதரின் மதிப்பு, கப்பலே மூழ்கும்போது தெரிந்தது. 1945 ஜூலை 30 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ‘இண்டியானாபொலிஸ்’ ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. ஹிரோஷிமாவில் போடப்பட்ட அணுகுண்டின் பாகங்களைச் சில நாள் முன்புதான் அது டினியன் தீவில் இறக்கியிருந்தது. கப்பலில் 1,195 பேர். சுமார் 300 பேர் கப்பலோடு போனார்கள். மீதிப் பேர் பசிபிக் கடலில் மிதந்தார்கள். கப்பல் வரவில்லையே என்று கரையில் யாரும் தேடவில்லை.

தாகம், வெயில், சுறா. உப்புத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் புத்தி பேதலித்தது. கப்பலின் கத்தோலிக்கப் பாதிரியார் தாமஸ் கான்வே ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நீந்திக்கொண்டே இருந்தார். தனியே விலகிப் போனவர்களை இழுத்து வந்து சேர்த்தார், சாகிறவர்களுக்காக ஜெபித்தார். மூன்றாம் நாள் சோர்ந்து இறந்துபோனார். கடைசியில் பிழைத்தவர்கள் 316 பேர். அவர்களில் பலர் கான்வேயை மறக்கவில்லை. விடாமல் அவர்கள் எடுத்த முயற்சிக்குப் பிறகு, 2021இல்தான் ‘நேவி கிராஸ்’ விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஒரு மணி நேரப் பாதிரியார்

போர்க்கப்பல்களில் நிலைத்த ஏற்பாடு சரக்குக் கப்பல்களில் நிலைக்கவில்லை. அங்கே பாதிரியார் துறைமுகத்தோடு சரி. 1835இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் காற்றுக்காக நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்குப் படகில் போகத் தொடங்கிய ஜான் ஆஷ்லி என்ற பாதிரியாரின் முயற்சி, 1856இல் ஓர் அமைப்பாக உருவெடுத்தது. இன்று ‘மிஷன் டு ஸீஃபேரர்ஸ்’ என்ற பெயரில் அது உலகெங்கும் இயங்குகிறது. கத்தோலிக்கர்கள் 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கியது ‘ஸ்டெல்லா மாரிஸ்’. சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களிலும் இவற்றின் பணி உண்டு.

இவர்களின் பை ஜெபப் புத்தகத்தால் மட்டும் நிரம்புவதில்லை. மாலுமி முதலில் கேட்பது சிம் கார்டு. பிறகு ஊருக்குப் பணம் அனுப்ப வழி, பல் வலிக்கு டாக்டர், சம்பளம் வராத புகாரை எங்கே கொடுப்பது என்ற விவரம். இந்து, முஸ்லிம், பௌத்தர் என்று எல்லா மதத்தினரும் கலந்த கப்பலில் மதம் பேசுவதைவிட இவைதான் முக்கியம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சோதனை ‘ஸீமேன் கார்டு ஓஹையோ’ வழக்கு. கடற்கொள்ளையைத் தடுக்கும் ஆயுதக் காவலர்களை ஏற்றிய இந்தக் கப்பல் 2013 அக்டோபரில் பிடிபட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. மாலுமிகளும் காவலர்களுமாக 35 பேர். பல நாட்டினர், அவர்களில் இந்தியரும் உண்டு. கீழ்நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 நவம்பரில் எல்லோரையும் விடுவித்தது. அந்த நாலு ஆண்டுகளில் சிறைக்குப் போய் ஆறுதல் சொன்னவர்களிலும் வெளிநாட்டிலிருந்த குடும்பங்களுக்கு உதவியவர்களிலும் மாலுமிகள் மிஷன் முக்கியமானது.

கரையில் காத்திருக்கும் இந்தப் பாதிரியாருக்கும் இப்போது நேரம் கிடைப்பதில்லை. முன்பு கப்பல்கள் வாரக்கணக்கில் துறைமுகத்தில் நின்றன. கன்டெய்னர் கப்பலோ பெரும்பாலும் ஒரே நாளில் சரக்கை இறக்கி ஏற்றிப் புறப்பட்டுவிடுகிறது. பாதிரியார் படியேறி, டீ குடித்து, யார் முகம் வாடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

2020இல் கொரோனா வந்தபோது அதுவும் போயிற்று. பல துறைமுகங்களில் யாரும் ஏற முடியாது, யாரும் இறங்க முடியாது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே சிக்கியவர்கள் உலகெங்கும் சுமார் 4 லட்சம் பேர். நிலக்கரி ஏற்றிச் சென்ற ‘ஜக் ஆனந்த்’, ‘அனஸ்தாசியா’ கப்பல்களின் 39 இந்திய மாலுமிகள் சீனத் துறைமுகங்களுக்கு வெளியே மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தார்கள். முதல் கப்பல் அங்கிருந்து கிளம்பியது 2021 ஜனவரியில்தான்.

இன்னொரு கணக்கும் கவலை தருகிறது. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் தகவல்படி, 2024இல் முதலாளிகளால் கைவிடப்பட்ட கப்பல்கள் 312. அவற்றில் சம்பளமும் சரியான சாப்பாடும் இல்லாமல் தவித்த மாலுமிகள் 3,133 பேர். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள்தான், 899 பேர். உலகக் கப்பல்களுக்கு அதிக ஆட்களை அனுப்பும் முதல் ஐந்து நாடுகளில் ஒன்று இந்தியா.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. கப்பலிலேயே புகார் கொடுக்கும் முறை வேண்டும், துறைமுகத்தில் நலவசதிகள் கிடைக்க வேண்டும் என்கிறது அது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், கூடியவரை இணைய வசதியும் தரச் சொல்கின்றன. மனைவியின் முகத்தை நடுக்கடலிலிருந்து பார்க்க முடிவது பெரிய விஷயம்தான். ஆனால் கேப்டன் மீதான பயத்தையோ, சம்பள பாக்கியையோ, தூக்கம் வராத இரவுகளையோ மனைவியிடம் சொல்லி அவரையும் கலங்கடிக்கப் பல மாலுமிகள் விரும்புவதில்லை. புகார் கொடுத்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காதோ என்ற பயம் வேறு.

அப்படிப்பட்டவர்களுக்கு இன்று இருப்பது, கப்பல் கரையில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில் சிம் கார்டுப் பையோடு படியேறி வரும் துறைமுகப் பாதிரியார் மட்டும்தான். அவருடைய சம்பளமும் பெரும்பாலும் நன்கொடையிலிருந்தே வருகிறது. சாசனத்தின் காலத்தில் முதலாளிகள் ஒரு டன்னைக் குறைத்துக் காட்டினார்கள். இன்றைய முதலாளிகளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. இருபதாயிரம் கன்டெய்னர் ஏற்றும் கப்பலானாலும், அதில் இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கேட்பதில்லை.